கலிபோர்னியா மாநிலமும் அதன் நீர் நிர்வாகமும்

கோடைக்காலம் முழுவதிலும் மழை என்பதே அநேகமாக இல்லாத ஒரு நாட்டில், அந்தக் கோடையிலேயே தக்காளியும் திராட்சையும் நெல்லும் விளைந்து குவிகின்றன என்று கேட்டால் நம் விவசாயிகள் வியப்படைவார்கள். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மேற்குக் கடற்கரையில் அமைந்துள்ள கலிபோர்னியா மாநிலத்தில் இது ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. இயற்கை கொடுத்த மண் வளம் இதற்கு ஒரு காரணம். அணைகளும் கால்வாய்களும் மற்றொரு காரணம். ஆனால் இவ்விரண்டையும் பயனுள்ளவையாக ஆக்கியது, நீரைப் பொதுச் சொத்தாகக் கருதித் தாங்களே நிர்வகித்துக்கொள்ள அந்நாட்டுக் குடியானவர்கள் அமைத்துக்கொண்ட உள்ளூர் ஆட்சியே ஆகும். அந்த ஆட்சி எட்டிய இடத்தில் செல்வம் பெருகியது. எட்டாது விடப்பட்ட இடத்தில் நிலமே கீழே இறங்கிவிட்டது. இந்த இரு பக்கங்களையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நில அமைப்பும் பருவமும்

கலிபோர்னியாவின் விஸ்தீரணம் சுமார் 4 லட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது, நமது தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் ஜனத்தொகை 3 கோடியே 95 லட்சம். அமெரிக்க மாநிலங்களில் பரப்பில் இது மூன்றாவது, ஜனத்தொகையில் முதலாவது. பசிபிக் மகாசமுத்திரத்தை ஒட்டிய இதன் கடற்கரையின் நீளம் 840 மைல்.

கடற்கரையை ஒட்டி ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. கிழக்கு எல்லையில் சியரா நெவாடா என்னும் பெருமலைத்தொடர் 400 மைல் நீளத்திற்கு மதில்போல் நிற்கிறது. இவ்விரு தொடர்களுக்கும் நடுவில் 450 மைல் நீளமுள்ள ஒரு பெரும் பள்ளத்தாக்கு, நீண்ட தொட்டியைப்போல் அமைந்துள்ளது. இதனை மத்தியப் பள்ளத்தாக்கு என்பர். இதன் வட பாகத்தில் சாக்ரமெண்டோ நதியும், தென் பாகத்தில் சான் வாக்கின் நதியும் பாய்கின்றன. இரண்டும் நடுவில் ஒரு கழிமுகத்தில் கூடி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வழியாகக் கடலை அடைகின்றன. மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதி பாலைவனம்.

மழை பெய்வது நவம்பர் முதல் மார்ச் வரையிலான குளிர்காலத்தில். பயிருக்கு நீர் வேண்டியதோ கோடையில். இந்த இடைவெளியை இட்டு நிரப்புவது சியரா நெவாடாவின் பனி. குளிர்காலத்தில் மலைமேல் உறைந்து கிடக்கும் பனி, வெயில் ஏற ஏறச் சிறிது சிறிதாக உருகி ஆறுகளில் இறங்குகிறது. மாநிலத்தின் நீர்த் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தப் பனியிலிருந்தே கிடைக்கிறது. மலையே ஓர் ஏரியாக இருந்து உதவுகிறது எனலாம்.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. மழையிலும் பனியிலும் நான்கில் மூன்று பங்கு மாநிலத்தின் வட பாகத்தில் விழுகிறது. ஆனால் மக்களில் பெரும்பாலோரும், வேளாண் நிலங்களில் பெரும் பகுதியும் இருப்பது நடுப்பகுதியிலும் தெற்கிலும். நீர் ஓரிடம், தேவை ஓரிடம். நீர் ஒரு காலம், தேவை ஒரு காலம். கலிபோர்னியாவின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த முரண்பாட்டைத் தீர்க்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறாகும்.

பொன் தேடியவரும் ஏர் பிடித்தவரும்

1848-ம் ஆண்டு ஜனவரி மாதம் சியரா மலையடிவாரத்தில் ஓர் ஆற்றோரம் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அவ்வாண்டே மெக்சிகோவிடமிருந்து இப்பிரதேசம் அமெரிக்காவின் வசம் வந்தது. பொன்னைத் தேடி உலகின் நாற்றிசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 1850-ம் ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி கலிபோர்னியா 31-வது மாநிலமாக ஐக்கிய நாடுகளில் சேர்ந்தது. பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தையும், பல்லாயிரக்கணக்கில் தங்கள் உயிரையும் இழந்த துயரக் காலமும் இதுவே.

பொன் எடுப்போர் நாளடைவில் பெரிய குழாய்களின் மூலம் நீரைப் பீய்ச்சி அடித்து மலைகளையே கரைக்கலானார்கள். கரைந்த மண்ணும் கல்லும் ஆறுகளில் இறங்கிப் படுகையை மேடாக்கின. வெள்ளம் கரை கடந்து வயல்களை மணலால் மூடியது. விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 1884-ம் ஆண்டில் நீதிமன்றம் ஆறுகளில் சுரங்கக் கழிவைக் கொட்டலாகாது என்று தடை விதித்தது. பொன்னைவிட நீரும் நிலமும் பெரிது என்று சட்டம் கண்ட நாள் அது எனலாம்.

விவசாயிகளின் பாசன வட்டங்கள்

அடுத்து எழுந்த கேள்வி, ஆற்று நீர் யாருக்கு உரியது என்பது. 1886-ம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, ஆற்றங்கரை நிலங்களை வைத்திருந்தோரின் உரிமையை வலுப்படுத்தியது. ஆற்றிலிருந்து தொலைவில் இருந்த சிறு குடியானவர்கள் திகைத்தார்கள். மொடெஸ்டோ என்னும் ஊரைச் சேர்ந்த ரைட் என்ற சட்டசபை அங்கத்தினர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் கொண்டுவந்த 1887-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பகுதி மக்கள் கூடி வாக்களித்துத் தங்கள் பகுதியை ஒரு பாசன வட்டமாக அறிவித்துக்கொள்ளலாம். அவ்வட்டத்தை ஆள நிர்வாகிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். வட்டத்தில் உள்ள நிலங்களின்மேல் வரி விதிக்கலாம். கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டலாம். அணையும் கால்வாயும் கட்டலாம். தேவையான நிலத்தையும் நீருரிமையையும் ஈடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சுருங்கச் சொன்னால், பாசனத்திற்கென்றே ஒரு பஞ்சாயத்து.

இச்சட்டத்தின் கீழ் அதே ஆண்டில் முதலாவதாக அமைந்தது டர்லக் பாசன வட்டம். பல்லாயிரம் ஏக்கரில் மானாவாரிக் கோதுமை விதைத்து வந்த பெரு நிலக்காரர்கள், தங்களுக்கு வேண்டாத கால்வாய்க்குத் தாங்கள் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று எதிர்த்தனர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896-ம் ஆண்டில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. எனினும் தொடக்கத்தில் அமைந்த வட்டங்களில் பல, தகுந்த ஆராய்ச்சியின்றிக் கடன் வாங்கியதால் நொடித்துப் போயின என்பதையும் மறைப்பதற்கில்லை. டர்லக் வட்டத்திலும் கால்வாயில் நீர் வர பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. நிலைத்த வட்டங்கள் வளர்ந்தன. டர்லக்கும் மொடெஸ்டோவும் கூடி 1923-ம் ஆண்டில் டான் பெட்ரோ என்னும் அணையைக் கட்டி, நீரோடு மின்சாரத்தையும் தம் மக்களுக்கு வழங்கலாயின. இன்றும் அவ்விரு வட்டங்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகளாலேயே நடத்தப்படுகின்றன. நம் ஊர்களில் நீர்க்கட்டி மதகைத் திறந்து முறை வைத்துப் பாய்ச்சுவதைப்போல அங்கும் வட்டத்தின் ஊழியர்கள் முறைப்படி நீர் விடுகிறார்கள்.

இவ்வட்டங்களில் வாக்குரிமை யாருக்கு என்பது கவனிக்கத்தக்கது. பாசன வட்டங்களில், நிலம் இருப்பினும் இல்லாவிடினும் குடியிருப்போர் அனைவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆனால் பிற்காலத்தில் வேறு சட்டங்களின் கீழ் அமைந்த சில நீர் வட்டங்களில் நிலச் சொந்தக்காரருக்கே வாக்கு. அதுவும் நிலத்தின் மதிப்புக்கேற்ப. அத்தகைய இடங்களில் சில பெரும் பண்ணைகளின் விருப்பமே வட்டத்தின் முடிவாகிவிடுகிறது. பொதுச் சொத்தை ஆளும் சபையில் எளியவருக்கும் இடம் இருத்தல் எத்துணை அவசியம் என்பதை இது காட்டும்.

வடக்கின் நீர் தெற்கிற்கு

சிறு வட்டங்களால் இயலாத பெரு வேலைகளைப் பின்னர் அரசுகள் மேற்கொண்டன. மத்திய அரசு 1930-களில் மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தலைமை அணையாகிய 602 அடி உயரமுள்ள சாஸ்தா அணை 1945-ம் ஆண்டில் முடிவுற்றது. மாநில அரசு தன் சொந்தத் திட்டத்திற்காக 175 கோடி டாலர் கடன் திரட்ட 1960-ம் ஆண்டில் மக்களின் சம்மதத்தை வாக்கெடுப்பு மூலம் கேட்டது. தங்கள் நீர் போய்விடுமே என்று வடபகுதியினர் எதிர்த்தனர். குறைந்த வாக்கு வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறியது. 770 அடி உயரமுள்ள ஓரோவில் அணையும், 440 மைலுக்கும் மேல் ஓடும் கலிபோர்னியாக் கால்வாயும் இதன் பயன். இக்கால்வாயின் நீர் தெற்கேயுள்ள மலையைக் கடக்கும் இடத்தில் 1,926 அடி உயரத்திற்கு இயந்திரங்களால் ஏற்றப்படுகிறது.

ஓர் ஊரின் ஆக்கம் மற்றோர் ஊரின் கேடாகவும் முடிந்ததுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913-ம் ஆண்டில் 233 மைல் தொலைவிலிருந்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரைக் கொண்டுவந்தது. நகரம் செழித்தது, ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக்காடாயிற்று. அந்தப் புழுதியை அடக்குவதற்கு நகரம் பிற்காலத்தில் பெரும் பொருள் செலவிட வேண்டியதாயிற்று.

கடலில் கலக்கும் நீரெல்லாம் வீண் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அங்கும் அவ்வாறு எண்ணியவர் உண்டு. ஆனால் இரு நதிகளும் கூடும் கழிமுகத்தில், நன்னீர் கடலை நோக்கிப் போதிய அளவு ஓடாவிட்டால் உவர்நீர் உள்ளே ஏறிவிடும். உவர்நீர் ஏறினால் தெற்கே இறைத்தனுப்பும் நீரும் கெடும். கழிமுகத்து வயல்களும் கெடும். சால்மன் மீனும் அழியும். ஆகவே ஓரளவு நீரைக் கடலுக்கு விடுவது கடலை எல்லையில் நிறுத்துவதற்கான செலவு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஆட்சி முறை

மாநிலத்தின் தலைநகரம் சாக்ரமெண்டோ. ஆளுநரை நான்காண்டுகளுக்கு ஒருமுறை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டு முதலமைச்சரின் பொறுப்புகள் அங்கு ஆளுநரைச் சார்ந்தவை. சட்டமன்றத்தில் இரு அவைகள்: 80 அங்கத்தினர் கொண்ட கீழவை, 40 அங்கத்தினர் கொண்ட மேலவை. கணக்குத் தலைவர், கருவூலத் தலைவர், தலைமைச் சட்ட அலுவலர் ஆகியோரையும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட தாய்வழிக் குடும்பத்தில் தோன்றிய திருமதி கமலா ஹாரிஸ், 2011 முதல் 2017 வரை இச்சட்டப் பதவியை வகித்துப் பின்னர் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகவும் பணியாற்றினார்.

1911-ம் ஆண்டில் மூன்று உரிமைகள் வாக்காளருக்கு அளிக்கப்பட்டன. மக்களே ஒரு சட்டத்தை முன்மொழிந்து வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைத் தள்ளலாம். தேர்ந்தெடுத்தவரைப் பதவிக்காலம் முடியுமுன் திரும்ப அழைக்கலாம். கழிமுகத்தைச் சுற்றி ஒரு புதுக் கால்வாய் வெட்டச் சட்டமன்றம் செய்த முடிவை 1982-ம் ஆண்டில் மக்கள் இவ்வாறு தள்ளினர். 2003-ம் ஆண்டில் ஓர் ஆளுநரையே திரும்ப அழைத்தனர்.

மாநிலம் 58 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. ஆனால் அதனை ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. இவற்றின் கீழ் நகரசபைகளும், பாசனம், குடிநீர், தீயணைப்பு, வெள்ளத்தடுப்பு முதலிய ஒவ்வொரு பணிக்கெனத் தனித்தனியே அமைந்த ஆயிரக்கணக்கான வட்டங்களும் உள்ளன.

விளைவும் உழைப்பும்

சினிமா, கணிப்பொறி, விமானம், எண்ணெய், துறைமுகம் என்று கலிபோர்னியாவின் தொழில்கள் பலவாகும். லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள் அமெரிக்காவின் சரக்குப் பெட்டக வாணிபத்தில் முன்னணியில் நிற்கின்றன. 2024-ம் ஆண்டுக் கணக்கின்படி, தனி நாடாகக் கொண்டால் இம்மாநிலத்தின் பொருளாதாரம் உலகில் நான்காவதாக இருக்கும். இதில் விவசாயத்தின் பங்கு சிறிதே. ஆயினும் ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் விளைபொருள் விற்கப்படுகிறது. 400-க்கும் மேற்பட்ட விளைபொருள்கள். உலகின் பாதாம் பருப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல். பால் உற்பத்தியில் அமெரிக்காவில் முதலிடம். ஆரஞ்சு விளைவிப்போர் 1893-ம் ஆண்டிலும், பாதாம் விளைவிப்போர் 1910-ம் ஆண்டிலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களை அமைத்து, தரகரிடம் சிக்காமல் தம் சரக்கைத் தாமே விற்கலாயினர்.

இவ்வளத்தில் உழைப்பாளிக்குக் கிடைத்த பங்கு நெடுங்காலம் மிகக் குறைவு. பழம் பறிப்போரில் பெரும்பாலோர் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். 1965-ம் ஆண்டில் டெலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம், லாரி இட்லியாங், சீசர் சாவேஸ், டொலோரஸ் உவெர்ட்டா ஆகியோரின் தலைமையில் ஐந்தாண்டுகள் நடந்து வெற்றி பெற்றது. பண்ணைத் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை 1975-ம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. பஞ்சாபிலிருந்து சென்று குடியேறிய நம் நாட்டு உழவர்களும் ஒரு காலத்தில் நிலம் வாங்க உரிமை மறுக்கப்பட்டவர்களே. அவர்களுள் ஒருவராகிய தலீப் சிங் சவுந்த், 1956-ம் ஆண்டுத் தேர்தலில் வென்று அமெரிக்கப் பாராளுமன்றம் புகுந்த முதல் இந்தியர் ஆனார்.

மண்ணுக்கடியில் நேர்ந்த கேடு

இனி மறுபக்கத்தைக் காண்போம். ஆற்று நீருக்கு இத்தனை சட்டமும் சபையும் கண்ட கலிபோர்னியா, நிலத்தடி நீரைப் பொறுத்தவரை நெடுங்காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தன் நிலத்தில் கிணறு தோண்டி எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்பதே பெரும்பாலான இடங்களில் நடைமுறை. கால்வாயில் நீர் குறைந்த ஆண்டுகளில் எல்லாரும் பம்பு செட்டை ஓட்டினர். ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் பக்கத்து நிலத்துக்காரரும் அதைவிட ஆழமாகத் துளையிட வேண்டியதாயிற்று.

நிலத்தடியிலுள்ள களிமண் அடுக்குகள் நீரை இழந்ததும் அமுங்கி இறுகின. மேலே நிலம் தாழ்ந்தது. மென்டோட்டா என்ற ஊருக்கருகில் 1925 முதல் 1977 வரை நிலம் 28 அடிக்கு மேல் இறங்கியது. இவ்வாறு ஒருமுறை இறுகிய களிமண் மறுபடி மழை பெய்தாலும் பழைய அளவு நீரை ஏற்பதில்லை. பணப் பெட்டியில் இருந்த பணம் செலவானது மட்டுமின்றி, பெட்டியே சுருங்கிவிட்டது போன்ற நிலை இது. நிலம் தாழ்ந்தபோது அதன்மேல் ஓடிய கால்வாயும் தாழ்ந்தது. 152 மைல் நீளமுள்ள பிரையன்ட்-கெர்ன் கால்வாய், ஒரு பகுதியில் தன் கொள்ளளவில் பாதிக்கும் மேல் இழந்தது. கடைமடைக்காரருக்கு வந்த கால்வாய் நீரையும் கிணறுகளே தடுத்துவிட்டன.

பயிர் மாறியதும் ஒரு காரணம். பருத்தி போன்ற பயிராயின், நீரில்லாத ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடலாம். பாதாம் மரத்திற்கு ஆண்டுதோறும் நீர் வேண்டும். ஒரு பருவம் தவறினால் பல ஆண்டு முதலீடு பட்டுப்போகும். 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி வந்தது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில் சியரா மலையின் பனி, வழக்கமான அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கே இருந்தது. ஆழ்துளைக் கிணறுகள் மேலும் ஆழமாயின. கிழக்குப் போர்ட்டர்வில் என்னும் எளிய மக்கள் வாழும் ஊரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. உலகின் செல்வ நாடொன்றில், குடிநீர் லாரிக்கும் தொட்டிக்கும் மக்கள் காத்திருந்தனர்.

சட்டம் வந்தது

இந்த வறட்சிக்கு இடையிலேயே, 2014-ம் ஆண்டு செப்டம்பரில் நிலத்தடி நீர்ச் சட்டம் பிறந்தது. மிகுதியாக இறைக்கப்படும் ஒவ்வொரு நீர்ப்படுகைக்கும் உள்ளூர் நிர்வாகக் குழு ஒன்று 2017-ம் ஆண்டுக்குள் அமைக்கப்பட வேண்டும். பாசன வட்டங்கள், கவுண்டிகள், நகரசபைகள் கூடி இக்குழுக்களை அமைத்தன. நீரை அளப்பதும், கிணறுகளைக் கணக்கெடுப்பதும், இறைப்புக்கு வரம்பும் கட்டணமும் விதிப்பதும் குழுவின் அதிகாரங்கள். இருபதாண்டுக்குள் வரவும் செலவும் சமமாக வேண்டும். உள்ளூர்க் குழு கடமை தவறினால் மாநில வாரியம் தலையிடும். துலாரே ஏரிப் படுகையில் 2024-ம் ஆண்டு ஏப்ரலில் வாரியம் அவ்வாறு தலையிட முடிவு செய்தது. விவசாயிகள் அமைப்பு ஒன்று அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. சான் வாக்கின் பள்ளத்தாக்கில் குறைந்தது 5 லட்சம் ஏக்கர் சாகுபடியிலிருந்து விலக நேரும் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். காலத்தில் செய்யாத கட்டுப்பாட்டைப் பிற்காலத்தில் செய்வது எவ்வளவு கடினம் என்பது இதனால் விளங்கும்.

காலத்தில் செய்தவர்களும் உண்டு. தெற்கே கடலோரத்திலுள்ள ஆரஞ்சு கவுண்டியில் 1933-ம் ஆண்டிலேயே ஒரு நீர் வட்டம் அமைந்தது. இறைப்பவரிடம் கட்டணம் வாங்கி, ஆற்று நீரைக் குளங்களில் தேக்கி நிலத்துள் இறக்கினர். கடலோரத்தில் நன்னீரைக் கிணறுகள் வழியே உட்செலுத்தி, உவர்நீர் உட்புகாமல் ஒரு தடுப்பை உண்டாக்கினர். 2008-ம் ஆண்டு முதல் நகரக் கழிவுநீரையும் முற்றும் தூய்மை செய்து நிலத்தடியில் சேர்த்து வருகின்றனர்.

ஆறுகளைத் திருப்பியதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வற்றி வயலாக்கப்பட்ட துலாரே ஏரியின் கதையும் நினைவில் வைக்கத்தக்கது. 2023-ம் ஆண்டு பெருமழையில் அந்த ஏரி பல்லாயிரம் ஏக்கரில் மீண்டும் தோன்றிப் பயிரை மூழ்கடித்தது. ஏரிப் படுகையையும் வரத்து வாய்க்காலையும் மனிதன் மறக்கலாம்; வெள்ளம் மறப்பதில்லை.

நமக்குரிய பாடம்

கலிபோர்னியாவின் அணைகளையும் இயந்திரங்களையும் அப்படியே பின்பற்றுவது நமக்கு இயலாது, தேவையுமில்லை. நம் முன்னோர் ஏரி மதகையும் குடிமராமத்தையும் ஊர் கூடி நடத்தியவர்கள். ஆனால் கிணறும் மோட்டாரும் பெருகியபின், ஊர் நீர் தனியார் நீராயிற்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில், மிகையாக இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்ததை நாம் அறிவோம்.

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை, சிறுபாசனத்தையும் நீர் நிர்வாகத்தையும் நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டையும் பஞ்சாயத்துகளுக்கு உரியனவாகக் கூறுகிறது. மார்ச் 22-ம் நாள் உலக நீர் நாளில் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் மூன்று செய்திகளை மக்கள் முன் வைக்கலாம். ஊரில் சில கிணறுகளைத் தேர்ந்து, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளந்து எழுதிய கணக்கு ஒன்று. ஏரிக்கு வரும் வாய்க்கால்கள் எங்கெங்கே தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் உள்ளன என்ற விவரம் ஒன்று. இருக்கும் நீருக்கு ஏற்ற பயிர் எது என்பதைப் பற்றிய யோசனை ஒன்று. இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் அளவு நாடாவும், ஒரு பலகையும், ஊரின் ஒற்றுமையும் போதும்.

அளக்காத நீரை ஆள முடியாது என்பதைக் கலிபோர்னியர் நிலம் 28 அடி இறங்கியபின் கற்றுக்கொண்டனர். அவர்கள் கொடுத்த விலையைக் கொடாமலே நாம் அதனைக் கற்றுக்கொள்ள முடியும். அடுத்த கிராம சபையிலேயே அதற்கான தொடக்கத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்வார்கள் என்று நம்புகிறோம்.